வெளிச்சத்துக்கு எத்தனை பெயர்

பகலில் பேய் வராது என்று சொன்னவர் யாரோ, அவர் மே மாதத்து உச்சி வேளையில் மரக்காணம் உப்பளத்தில் நின்றதில்லை. நான் நின்றிருக்கிறேன். அங்கே பேய் எதையும் பார்க்கவில்லை, நானே பேயாக நின்றேன். அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடு போட்ட நோட்டு, அட்டையில் ஒரு ரோஜாப்பூ. இதை எழுதும்போது பக்கத்தில்தான் கிடக்கிறது.

குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் எனக்கு வேலை. பெட்ஷீட் மாற்றுவது, புக்கிங் எடுப்பது, கெஸ்ட் தொலைத்த சாவியைத் தேடுவது எல்லாம் நான்தான். மரக்காணத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் ஈ.சி.ஆர் வழியாகப் போய்ச் சாயந்தரம் திரும்புவேன். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எனக்குக் கல்யாணம் ஆனது, நிற்கவில்லை. ஏன் என்று கேட்பவர்கள் மேல் எரிந்து விழுவேன், அதனால் இப்போது யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். "உனக்குப் பால் ஊட்டுனேனா, மொளகா அரைச்சு ஊட்டுனேனா தெரியல," என்பாள் அம்மா.

கெஸ்ட் ஹவுஸில் வருடத்துக்கு எட்டு மாதம் தங்கும் வெள்ளைக்கார மேடம் ஒருவர் இருக்கிறார். அவர் ஊரில் ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், நெட்டில் எங்கள் மாடி ரூமைப் பற்றி நான் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுச் சிரித்தார். 'நிறைய சன்லைட் உள்ள ரூம்' என்று எழுதியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது படித்துவிட்டு, காதால் கேட்டே கற்ற இங்கிலீஷ் என்னுடையது. அதைப் பார்த்து யாராவது சிரித்தால் எனக்கு ஆகாது. என்ன தப்பு என்று முறைத்துக்கொண்டே கேட்டேன்.

அவர் என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். சூரியன் நேராக வந்து தரையில் விழுந்தால் அது சன்லைட், இந்த ரூமுக்கு வெயிலே வராது, ஆனாலும் நாள் பூராவும் விளக்கு போடாமல் படிக்கலாம், இதற்குப் பெயர் டேலைட் என்றார். சூரியனை மேகம் மூடினாலும் டேலைட் இருக்குமாம். பகல் என்று ஒன்று இருக்கிற வரைக்கும் இருக்குமாம். அதோடு விடவில்லை. டேடைம், சன்ஷைன், விடிகிற நேரத்துக்கு டான், டேபிரேக், ஃபர்ஸ்ட் லைட், பட்டப்பகலுக்கு பிராட் டேலைட் என்று அடுக்கிக்கொண்டே போனார். அத்தனையும் அவர்கள் தினம் பேசுகிற சாதாரணச் சொற்கள். ஒரே வெளிச்சத்துக்கு இத்தனை பெயரா என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. எங்களிடம் இல்லாத வெளிச்சமா? அன்று சாயந்தரமே அந்த ரோஜாப்பூ நோட்டை வாங்கினேன்.

இடது பக்கம் இங்கிலீஷ் வார்த்தை. வலது பக்கம் தமிழ். அகராதியைப் பார்த்து எழுதுவதில் எனக்கு இஷ்டமில்லை. வெளிச்சத்தைப் பற்றிக் கேட்க அம்மாவை விட்டால் யார்? முப்பது வருடமாக உப்பளத்தில் வேலை செய்பவள். விடியற்காலை நாலு மணிக்குப் பெண்களோடு வரப்பில் இறங்கினால், பாத்தியில் வாரி வைத்த உப்பைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கிக் கரையில் கொட்டிக் கொட்டி, ஒரு மணி வாக்கில்தான் வீடு. வானம் வெளுப்பதிலிருந்து வெயில் மண்டையைப் பிளப்பது வரை தினமும் பார்ப்பவள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் கண் சிவந்திருக்கும். மேலே வெயில், கீழே உப்பு, நடுவில் கண். காறித் துப்பினால் போகிற சளி மாதிரி அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "கூச்சம்," என்பார்கள், அவ்வளவுதான். அதற்கு ஒரு டிராப்ஸ் உண்டு. சின்ன வெள்ளை பாட்டில். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். சாயந்தரம் ரெண்டு சொட்டு விட்டால் காலையில் சிவப்பு இருந்த இடம் தெரியாது. அம்மாவுக்கு ஆறு வருடமாக அதை வாங்கி வருபவள் நான். வேலையிலிருந்து திரும்பும் வழியில் மெடிக்கல். சில நாள் அம்மாவோடு வேலை செய்யும் பெண்களும் எங்கள் வீட்டு வாசலில் வந்து அண்ணாந்து உட்காருவார்கள். "உன் கை ராசியான கைடி, நீ வுட்டா எரியறதே இல்ல," என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஆக தினமும் சாயந்தரம் அரை மணி நேரம் எங்களுக்கு இப்படிப் போனது: அம்மா அண்ணாந்து உட்காருவாள். நான் டிராப்ஸ் விடுவேன். கண்ணை மூடிக்கொண்டு இருக்கச் சொல்லிவிட்டு நோட்டை எடுப்பேன். ஒரு வார்த்தையைச் சொல்லி, அது எப்படிப்பட்ட வெளிச்சம் என்று மேடம் சொன்னதைச் சொல்லுவேன். அம்மா மூடிய கண்ணோடு யோசித்துப் பதில் சொல்லுவாள். தேதி போட்டு எழுதுவேன். அதற்கு முன்னால் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. நான் வந்ததும் போனை எடுத்துக்கொண்டு படுத்துவிடுவேன், அம்மா டிவியைப் போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

முதல் நாள் முதல் வார்த்தை டேலைட். அம்மா சிரித்தாள். "அதுக்கு எதுக்குடி பேரு? அது பாட்டுக்கு இருக்குது," என்றாள். அதையே எழுதினேன். மறுநாள் டான். "கீழ்வானம் கத்திரிப்பூ கலர்ல இருக்கும்ல, அப்போ." சன்ரைஸுக்கு, "கடலு மேல முட்டைய உடைச்சு ஊத்துனாப்புல." சன்ஷைனுக்கு ரொம்ப நேரம் யோசித்து, "பாத்தி பூரா வெள்ளிக் கொலுசைக் கொட்டுனா இன்னா மாதிரி இருக்கும், அது மாதிரி," என்றாள். மேடத்துக்கு அதை இங்கிலீஷில் சொன்னபோது கையைத் தட்டினார். உன் அம்மா கவிஞர் என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். "போடி இவளே," என்று வெட்கப்பட்டாள்.

இப்படியே ரெண்டு வருடம் ஓடியது. தினமும் இல்லை, மழைக்காலத்தில் உப்பளம் மூடியிருக்கும்போது நோட்டும் மூடியிருக்கும். ஆனால் அம்மா சொன்னதையெல்லாம் விடாமல் எழுதினேன். போன மே மாதத்தில் ஒருநாள், எல்லாவற்றையும் மொத்தமாக இங்கிலீஷில் படித்துக் காட்டு என்று மேடம் கேட்டார். காலை பத்து மணி. மாடி ரூமில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். மேடம் சிரித்துச் சிரித்துக் கேட்டார். பிறகு சிரிக்கவில்லை. பிறகு நிறுத்தச் சொன்னார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முதல் ஏழெட்டு மாதம் எல்லாவற்றிலும் நிறம் இருக்கிறதே, அதற்கப்புறம் ஒன்றில்கூட இல்லையே, ஏன்?

எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா என்ன பெயின்டரா, எப்போதும் கலர் சொல்லிக்கொண்டிருக்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன். டேபிரேக்: "மாதா கோயில் ஸ்பீக்கர் பாடி முடியற நேரம்." மார்னிங் லைட்: "வரப்பு சில்லுனு இருக்குது பாரு, அது." சன்லைட்: "முதுவுல புடவை காயறது." மிட்-டே: "பாத்தித் தண்ணி காலைச் சுடற நேரம்." பிராட் டேலைட்: "கூப்பிடாம யாரும் கிட்ட வரக்கூடாத நேரம்." பக்கம் பக்கமாகத் தள்ளினேன். சத்தம், சூடு, ஈரம், வாசனை. பார்த்தது ஒன்றுமில்லை. கையெழுத்து என்னுடையது. தேதியெல்லாம் நான் போட்டது. அம்மாவின் கண் போன கதையை மாதா மாதம் நானே எழுதிவைத்திருக்கிறேன் என்று அப்போது எனக்குப் புரிந்தது, புரிந்தும் நம்பவில்லை.

லீவு கேட்டேனா, சொல்லாமல் கிளம்பினேனா, ஞாபகமில்லை. வண்டி ஓட்டிய வழியெல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. அம்மா அரிசியில் கல் பொறுக்காமல் உலை வைத்தது. டிவிக்கு முதுகு காட்டிக்கொண்டு படுத்துக் கேட்டது. புதுப்புடவை எடுத்துக்கொடுத்தபோது விரித்துப் பார்க்காமல் தடவிப் பார்த்து நல்லா இருக்கு என்றது. சோற்றில் மூன்றாவது நாளாகக் கல் கடித்தபோது நான் தட்டைத் தள்ளிவிட்டு, "கண்ணு இன்னா பொட்டையா போச்சா உனக்கு?" என்று கத்தினேன். அம்மா சிரித்துக்கொண்டே வேறு சோறு போட்டாள். ஐயோ, அந்தச் சிரிப்பு! ரோட்டில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு நின்றேன். பிறகு மறுபடியும் எடுத்தேன்.

உப்பளத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சரியான உச்சி. அந்த நேரத்தில் அங்கே யாரும் கண்ணைத் திறந்து வேலை செய்வதில்லை. முடியாது. வானமும் தரையும் ஒன்றாக எரியும். எல்லோரும் கண்ணை இடுக்கி, தலையைக் குனிந்து, பழகின வரப்பில் காலை வைத்து நடப்பார்கள். கூடை சுமக்கிற பெண்கள் முன்னால் போகிறவளின் பேச்சைப் பிடித்துக்கொண்டே பின்னால் போவார்கள். ஒற்றை ஆள் அகலமுள்ள வரப்பில் எதிரே வருபவர் மேல் மோதாமல் இருக்க, வருபவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வர வேண்டும் என்பது அங்கே கட்டாயம். "வர்றேன் வர்றேன்," என்றோ, ஒரு பாட்டோ, இருமலோ, ஏதாவது ஒன்று. குரல் கொடுக்காமல் உச்சியில் ஒருத்தி வந்தால் அவள் மனுஷி இல்லை. அவளுக்கு உச்சிக்காரி என்று பெயர். அவள் வந்தால் திட்டக்கூடாது, ஓடக்கூடாது. குடிக்கிற கஞ்சியில் ஒரு வாய் அவள் பக்கமாக ஊற்றிவிட்டுப் போகச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயம்தான். கண் தெரியாத ஒருத்தி அந்தக் கூட்டத்தில் ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியாமல் வேலை செய்ய அதைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது. அங்கே பகலில் எல்லோருமே குருடுதான்.

உப்பில் மண் படக்கூடாது என்று செருப்பை ரோட்டோரம் விட்டுவிட்டு வரப்பில் இறங்கினேன். மற்றப் பெண்கள் தள்ளி இருந்த கீற்றுக் கொட்டகை நிழலில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மட்டும் பாத்தி முனையில் வெயிலிலேயே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை முக்காடு போட்டுக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கொட்டகை வரைக்கும் நடக்க அலுப்பு என்று அவள் எப்போதும் சொல்லுவாள் என்று பிறகு அந்தப் பெண்கள் சொன்னார்கள்.

நான் குரல் கொடுக்கவில்லை. வேண்டுமென்றுதான் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு நேர் எதிரே, ஒரு கட்டில் நீளத் தூரத்தில் போய் நின்றேன். காலடியில் உப்பு நொறுங்கிய சத்தத்துக்கு நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. கையைத் தூக்கி ஆட்டினேன். பட்டப்பகல், எதிரே பெற்ற பெண், சிவப்புச் சுடிதார். அவள் கண் என்னைத் தாண்டி எங்கேயோ நின்றது. செத்துப்போன பிறகு நாம் வீட்டுக்குத் திரும்பி வந்தால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. நாம் நிற்போம், அவர்கள் பார்ப்பார்கள், நாம் அங்கே இருக்க மாட்டோம்.

அம்மா சட்டியைக் கீழே வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதில் பயந்துவிட்டாள் என்று தெரிந்தது. ஆனால் குரலில் அதைக் காட்டவில்லை.

"வந்துட்டியா தாயி," என்றாள். "வெயில்ல நிக்காத. இந்தா, குடிச்சிட்டுப் போயிடு."

ஒரு வாய்க் கஞ்சியைக் கையில் எடுத்து என் பக்கமாக வீசி ஊற்றினாள். அது என் கால் விரல்களில் விழுந்தது.

"சாயந்தரம் என் பொண்ணு வந்துடுவா. நோட்டை எடுத்துக்கினு வந்து உக்காருவா. என்னை ஒண்ணும் பண்ணிடாத, போயிட்டு வா," என்றாள்.

அந்த நிமிடம் நான் அம்மா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் கூப்பிட்டிருப்பாள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவள் இவ்வளவு நாள் மறைத்தது நடு வெயிலில் உடைந்துபோகும் என்று பயந்தேனா, நான்தான் உச்சிக்காரி என்று அவள் தெரிந்துகொள்வதற்குப் பயந்தேனா, இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை. சத்தமில்லாமல் பின்னோக்கியே நடந்து ரோட்டுக்குப் போனேன். போயிட்டா என்று அம்மா பெருமூச்சு விட்டிருப்பாள். ரோட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு புதிதாக வருகிறவள் மாதிரி, "அம்மா, வர்றேன்," என்று கத்திக்கொண்டே அதே வரப்பில் இறங்கி நடந்தேன். அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். முகம் மலர்ந்தது. அவள் கண் சரியாக என் முகத்தில் வந்து நின்றது.

"இன்னாடி இந்த நேரத்துல? வேலையில்லையா? மூஞ்சியெல்லாம் வாடிக் கெடக்குது," என்றாள். அவ்வளவு சுத்தமாக நடித்தாள். வேறு யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள், நானே இத்தனை நாள் நம்பியவள்தானே.

மறுநாள் பாண்டியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூச்சத்துக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். ரூமை இருட்டாக்கிவிட்டு, ஒரு கண்ணை மறைத்து, மறு கண்ணில் டார்ச்சை அடித்து, வெளிச்சம் வருகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லச் சொன்னார். இடது கண்ணுக்கு அம்மா எல்லாம் சரியாகச் சொன்னாள். வருது. இல்ல. வருது. எனக்கு உயிர் வந்தது. டாக்டர் டார்ச்சின் முகத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, சுவிட்சை மட்டும் டக்கென்று தட்டினார். "வருது," என்றாள் அம்மா. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா அதுவரை சுவிட்ச் சத்தத்துக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வலது கண்ணில் கொஞ்சம் இருந்தது. சத்தம் இல்லாமல் அடித்தபோதும் சொன்னாள். ஆள் தெரியாது, கை தெரியாது, பகல் என்றால் பகல், இருட்டு என்றால் இருட்டு, அவ்வளவுதான் மிச்சம் என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். எனக்கு அந்த நேரத்தில் மேடம் ஜன்னலைக் காட்டிச் சொன்னது ஞாபகம் வந்தது. சன்லைட் போய்விட்டது. டான் போய்விட்டது. சன்ஷைன், அந்த வெள்ளிக் கொலுசு, எல்லாம் போய் டேலைட் மட்டும் நிற்கிறது, அதுவும் ஒற்றைக் கண்ணில்.

கண்ணுக்கு என்ன மருந்து போடுகிறீர்கள் என்று கேட்டார். நான் ஹேண்ட்பேகிலிருந்து அந்த வெள்ளை பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்தவர் முகம் மாறிவிட்டது.

"எவ்வளவு நாளா போடறீங்க?"

"ஆறு வருஷமா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இது சிவப்பை உடனே எடுத்துவிடும், அதனால்தான் ஜனங்கள் இதையே கேட்டு வாங்குகிறார்கள், ஆனால் டாக்டர் பார்க்காமல் வருடக்கணக்கில் போட்டால் உள்ளே அழுத்தத்தை ஏற்றிவிடும், வலியே இருக்காது, கண்ணைத் தின்றுகொண்டே இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு கேட்டார், "யாரும்மா வாங்கிக் கொடுத்தது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள்.

"நான்தாம்மா. நானே வாங்கி நானே ஊத்திக்கினேன். பொண்ணு வேணாம் வேணாம்னு சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

இல்லை டாக்டர், நான்தான் என்று நான் சொல்லவில்லை. டாக்டர் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார். என் பங்குப் பாவத்தையும் அம்மா பேரிலேயே எழுதியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போட்டேன். பயத்தை எனக்குக் கோபமாகத்தான் காட்டத் தெரியும். "முதல்லயே சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா? ஒரு வருஷத்துக்கு மேல என்கிட்ட எதுக்கு நடிச்ச?" என்று தெரு கேட்கக் கத்தினேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் கூச்சம்னு நெனச்சேன் என்றாள். அப்புறம், வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களே என்றாள். அதெல்லாம் காரணமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. விடாமல் கேட்டேன்.

"நீ சாயந்தரம் நோட்டை எடுத்துக்கினு வந்து உக்காருவ," என்றாள் கடைசியில். "அது இன்னா வெளிச்சம், இது இன்னா வெளிச்சம்னு என்னை வந்து கேப்ப. எனக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிட்டா, அந்த நோட்டை மூடிடுவியேடி. அப்புறம் என்கிட்ட வந்து இன்னா பேசப்போற நீ?"

அதற்கு மேல் எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அவள் என் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் எங்கள் வாசலில் டிராப்ஸ் விட்டுக்கொண்ட உப்பளத்துப் பெண்களிடம் போய் அதை நிறுத்தச் சொன்னேன். ஒருத்தி மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். மற்றவர்கள், எங்களுக்கு வெறும் கூச்சம்தான் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, "கண்ணு கெட்ட பொறகு சூரிய நமஸ்காரம்," என்று பழமொழி சொன்னாள். அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

புது டிராப்ஸ் ஒரு நாளைக்கு மூன்று வேளை. விடும்போது சொட்டு குறி தவறும். ராசியான கை! கன்னத்தில் ஒழுகி, மறுபடியும் விட வேண்டியிருக்கும். "மெதுவாடி, எங்க போவப்போறேன்," என்பாள் அம்மா. மிச்சமிருக்கும் கண்ணில் அந்த ஒரு வெளிச்சமும் குறைகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே கூட்டி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா உப்பளத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தாள், அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஆறு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். அம்மா எழுந்து கிழக்கு ஜன்னலைப் பார்த்து உட்காருவாள். நான் கேட்பேன், "இன்னாமா, விடிஞ்சிருக்கா?" அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "விடிஞ்சிருக்குது," என்பாள். நோட்டைத் திறந்து தேதி போட்டு, டேலைட் என்று எழுதுவேன். சில நாள் அவளாகவே, "மேகமா இருக்குது போல, கொஞ்சம் மங்கலா கீது," என்பாள். அன்றைக்கு உண்மையிலேயே மேகம் இருக்கும். எனக்குச் சாமி கும்பிடத் தோன்றும். காய்ச்சல் இல்லாத பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பும் தாய் மாதிரி, நான் அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு வண்டியை எடுப்பேன்.

நாற்பத்தோரு நாள் எழுதியிருக்கிறேன். நாற்பத்தோரு டேலைட்.

நாற்பத்திரண்டாவது நாள், கெஸ்ட் ஒருவரை ஏர்போர்ட்டுக்கு அனுப்ப சீக்கிரம் போக வேண்டியிருந்தது. அலாரத்தை நாலரைக்கு வைத்தேன். அம்மாவிடம் சொல்ல மறந்துவிட்டேன். போன் அடித்தது. நான் அதைத் தேடி நிறுத்துவதற்குள் அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, எப்போதும் போல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நான் கேட்கவேயில்லை.

"விடிஞ்சிடுச்சுடி," என்றாள். "இன்னிக்கு நல்லாவே தெரியுது. பளிச்சுனு கீது."

ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. தெருவிளக்குகூட எரியவில்லை. அம்மா அந்த இருட்டைப் பார்த்து, எனக்காக, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

எத்தனை நாளாக இப்படிச் சொல்கிறாள்? நாற்பத்தொன்றில் எத்தனை நிஜம், எத்தனை என் கைக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அவள் சொன்னது, அதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மேகம்கூட ஈரக்காற்றை மோந்து சொன்னதாக இருக்கலாம். கெஸ்ட் ஹவுஸுக்குப் போன் செய்து வர முடியாது என்று சொல்லிவிட்டு, பொழுது விடிந்ததும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஆனால் அதெல்லாம் அப்புறம். அந்த நிமிடத்தில் நான் லைட்டைக்கூடப் போடவில்லை. தடவித் தடவி நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன்.

"ஆமாம்மா," என்றேன். "நல்லா விடிஞ்சிடுச்சு."